ஃபோண்டாவில் மதியச் சாப்பாடு

மெக்சிகோ நகரத்தில் பகல் ஒரு மணியைத் தாண்டினால் ஃபோண்டாக்களின் வாசலில் அன்றைய சமையல் விவரம் கரும்பலகையிலோ, கையால் எழுதிய தாளிலோ தொங்கும். ஃபோண்டா என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடை. அங்கே மதியம் கிடைக்கும் முழுச் சாப்பாட்டுக்குக் கொமிதா கொர்ரிதா என்று பெயர். எல்லாம் சேர்த்து ஒரே விலை. அந்த நாட்டில் நாளின் பெரிய சாப்பாடு மதியத்தில்தான். இரண்டிலிருந்து நான்கு மணி வரை இந்தக் கடைகளில் இடம் பிடிப்பது சிரமம்.

பரிமாறும் வரிசை பெரும்பாலும் மாறாது. முதலில் சூப், தக்காளிச் சாற்றில் சேமியா போட்டது அடிக்கடி வரும். அடுத்து சோறு அல்லது பாஸ்தா. பல கடைகளில் சோற்றின் மேல் பொரித்த முட்டையை வைத்துத் தருவார்கள். மூன்றாவதாக வருவதுதான் முக்கிய உணவு. பச்சைச் சாற்றில் வெந்த பன்றிக் கறி, காய்ந்த மிளகாய் அரைத்த மோலே குழம்பு ஊற்றிய கோழி, பாலாடைக்கட்டி அடைத்துப் பொரித்த பெரிய மிளகாய் என்று மூன்று நான்கில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். கூடவே பீன்ஸ். குடிக்க ஒரு ஜாடி: புளித்தண்ணீராக இருக்கலாம், அரிசியும் பட்டையும் அரைத்துக் கரைத்த ஓர்ச்சாத்தாவாக இருக்கலாம், புளிச்சைக்கீரைக்கு உறவான செடியின் சிவந்த பூப்பகுதியை ஊறவைத்த சாறாகவும் இருக்கலாம். கடைசியில் வரும் இனிப்பு ஒரு துண்டு ஜெல்லியோடு முடிந்துவிடும். அதைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். கறி இல்லாத தட்டு என்பதால் மட்டும் அது சைவமாகிவிடாது.

கடையின் தரத்தை எடைபோட மோலேயைவிட டார்ட்டியா என்னும் மக்காச்சோள ரொட்டியே நல்ல அளவுகோல். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழன்ற தோலைக் கழுவி அரைத்தால்தான் அதற்கான மாவு கிடைக்கும். வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்புதான். அது தோலை இளக்குகிறது, மாவை ஒட்ட வைக்கிறது, சோளத்தில் பிடிபடாமல் கிடக்கும் நியாசின் சத்தையும் உடலுக்குக் கிடைக்கச் செய்கிறது. இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஐரோப்பாவின் ஏழை ஊர்களிலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவியது. நல்ல மாவில் தட்டிய டார்ட்டியா, கொமால் என்னும் சூடான கல்லில் இரண்டு முறை திருப்பிப் போட்டதும் பூரிபோல் உப்பி எழும்பும். துணியில் சுற்றிக் கூடையில் வைத்துத் தருவார்கள். மடக்கினால் கிழியாது, சோள வாசனை மூக்கில் ஏறும். தீர்ந்தால் கேட்டு வாங்கலாம்.

மேசையில் சட்னிபோல் இருக்கும் சிவப்பு, பச்சை சல்சாக்களின் நிறத்தைப் பார்த்துக் காரத்தை முடிவு செய்யக் கூடாது. பச்சைதான் பல நேரம் கண்ணில் நீர் வரவழைக்கும். அதன் புளிப்பு, சொடக்குத் தக்காளி இனத்தைச் சேர்ந்த ஒரு பச்சைக் காயிலிருந்து வருகிறது. மிளகாய் மெக்சிகோ மண்ணில் விளைந்து பழகிய பயிர். போர்ச்சுக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. தமிழ்ச் சமையலின் காரத்துக்கு அதுவரை மிளகுதான். ஆனால் மெக்சிகோவில் மிளகாய் காரத்துக்கு மட்டுமல்ல. காய்ந்த வகைகளை வறுத்து ஊறவைத்து அரைக்கும்போது புகை, உலர்திராட்சை, கசப்பு என்று ஒவ்வொன்றும் தனிச்சுவை தரும். மோலே நிற்பதே இதன்மேல்தான்.

வெளிநாட்டு மெக்சிகன் உணவகங்களின் பட்டியல்களில் முதலில் நிற்கும் நாச்சோஸை, அதாவது பாலாடைக்கட்டி உருக்கிய டார்ட்டியா வறுவலை, ஃபோண்டாவில் தேடுவது வீண். அது 1940களில் எல்லையோர நகரமான பியத்ராஸ் நெக்ராஸில் பிறந்த பண்டம். கோதுமை டார்ட்டியாவும் அதில் சுருட்டிய புரீத்தோவும் வட மாநிலங்களுக்கு உரியவை. யுனெஸ்கோ 2010இல் மெக்சிகோவின் மரபுச் சமையலைப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தபோது அடிப்படையாகக் கொண்டது சோளம், பீன்ஸ், மிளகாய் ஆகியவற்றைச் சுற்றிய கிராமத்து உணவு முறையைத்தான்.

சாப்பிட்டு எழுந்து போகிறவர் பக்கத்து மேசைக்காரர்களிடம் ‘ப்ரொவெச்சோ’ (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்று சொல்லிவிட்டுப் போவது அங்கே மரியாதை. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சொல்ல வேண்டும். பில் தானாக வராது. கேட்காமல் கொண்டுவந்து நீட்டுவதை விரட்டுவதாக எடுத்துக்கொள்வார்கள். டிப்ஸாகப் பத்து சதவீதம் வைப்பது வழக்கம்.