இறுதியாட்டத்தை எங்கே பார்ப்பது?

உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்கு எந்தக் கடைக்குப் போகலாம் என்று தம்பிகள் கேட்டால் என் பதில் ஒன்றுதான்: மாமாக் கடை.

பெரிய திரை மதுக்கூடத்திலும் உண்டு. ஆனால் மலாய், சீன, தமிழ் நண்பர்கள் தயக்கமில்லாமல் ஒரே மேசையைச் சுற்றி உட்கார மாமாக்தான் சரி. சாப்பாடு ஹலால், மது கிடையாது, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். 2019 முதல் உணவகங்களில் புகைக்கவும் தடை.

2022 உலகக் கிண்ண இறுதியாட்டம்: டிசம்பர் 18, மலேசிய நேரம் இரவு 11 மணி. அர்ஜென்டினா 2-0 என முன்னிலையில் இருக்க, 80, 81ஆம் நிமிடங்களில் பிரான்ஸின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார். பக்கத்து மேசைக்காரர் யாரென்றே தெரியாது, தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினோம். 3-3 சமநிலை, பெனால்டியில் 4-2 என அர்ஜென்டினா வென்றது. வீட்டில் தனியாகப் பார்த்திருந்தால் அந்த இரவு எனக்கு இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது.

கடையை முடிவு செய்யுமுன் இரண்டைக் கவனியுங்கள். பின்வரிசையிலிருந்தும் திரை தெரிகிறதா? ஒளிபரப்பு செயற்கைக்கோள் வழியா, இணையம் வழியா? இணையத்தில் படம் பிந்தி வரும். பக்கத்துக் கடைக் கூச்சலே கோலை முன்கூட்டிச் சொல்லிவிடும்.

இன்னொன்று. ஒரே தே தாரிக்கோடு இரவு முழுக்க மேசையைப் பிடித்து வைக்காதீர்கள். ரொட்டி சானாய், மீ கோரேங் சொல்லுங்கள். நமக்காக விடிய விடிய நின்று வேலை செய்யும் அண்ணன்மாருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.