தரைக்கும் நாற்காலிக்கும் நடுவே

ஐப்பசி: அறுவைக்கு மறுநாள்

பசியாறல் தட்டை எடுத்துப்போன கையோடு இயன்மருத்துவர் வந்து நின்றார். மலாய்க்காரப் பெண், சின்ன வயது. "பெலான் பெலான், ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே வாக்கரைக் கட்டிலோரம் நகர்த்தினார். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு நம்பிக்கை வரவில்லை. முந்தின நாள்தான் வலது இடுப்பு மூட்டைத் திறந்து, தேய்ந்துபோன பந்தை அறுத்தெடுத்து, தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டை இறக்கியிருக்கிறார்கள். இன்றைக்கே எழுந்து நிற்பதா?

நின்றார். கட்டிலைச் சுற்றி ஜன்னல்வரை போய்த் திரும்பினார். நெற்றி வியர்த்து, தலை சுற்றி, உட்கார்ந்ததும் காலையில் குடித்த மைலோ வெளியே வந்துவிட்டது. ஒரு காலத்தில் இந்த அறுவை செய்தவர்களை வாரக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். இப்போது அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி விடுகிறார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், தசை கரையும். அறுவைக்குப் பிந்திய வாந்தியும் தலைசுற்றலும் பல நேரம் மயக்க மருந்தாலும் வலி மருந்தாலும் வருபவை, மூட்டின் கோளாறு அல்ல. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவர் அன்று அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

வீடு திரும்பிய நாள்

பினாங்கில் டத்தோ கெராமாட் சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவில் பழைய வரிசை வீடு. வாசற்படி உயரம். நாத்தனார் ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றார். "வலது காலை எடுத்து வச்சு வாங்க அண்ணி."

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே என்று மருத்துவமனையில் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆக்கியிருந்தார்கள். படி ஏறும்போது முதலில் வைக்கிற கால்தான் உடம்பு முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. அந்தப் பொறுப்பைப் புதிதாகத் தைத்த பக்கத்திடம் கொடுக்கக் கூடாது. அவருக்கு அறுவை வலது பக்கம்.

"இன்னைக்கு இடது காலுதாம்மா. சாமி கோவிச்சுக்காது" என்று சொல்லிவிட்டு இடது காலை வைத்து ஏறினார். நாத்தனார் முகம் சுருங்கியது. ராத்திரி கஞ்சி கொடுக்கும்போது சரியாகிவிட்டது.

அதே வாரம், வெள்ளி

மருத்துவமனை தந்த தாளில் மூன்று விலக்குகள். இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்காதீர்கள். கால்மேல் கால் போடாதீர்கள். அறுவை செய்த பக்கத்துப் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பாதீர்கள். மூட்டின் பின்புறமாகத் திறந்து செய்த அறுவையில் இந்த மூன்று அசைவும் ஒன்றுசேர்ந்தால் புதுப் பந்து கிண்ணத்தை விட்டுப் பின்னால் நழுவிவிடக்கூடும். முன்புறமாகத் திறந்து செய்யும் மருத்துவர்கள் பலர் இந்த விலக்குகளைத் தளர்த்திவிட்டார்கள். இவருக்குப் பின்புறம்தான்.

தாளில் நாற்காலி, சோபா, கார் இருக்கை எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. மணைக்குப் படம் இல்லை. தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதற்கும், பூஜையறையில் சம்மணம் போடுவதற்கும், குந்தி உட்காரும் கழிப்பறைக்கும் படம் இல்லை. இந்த வீட்டுக் கழிப்பறை குந்துகிற வகை. அதன்மேல் கமோடு நாற்காலியைப் போட்டார்கள். ஈரத் தரையில் அதன் கால் வழுக்கியது. நல்லவேளை, அப்போது அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மறுநாள் தெரிந்தவர் ஒருவர் வந்து சுவரில் கைப்பிடி அடித்துக் கொடுத்தார், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினார். அறுவைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. இந்த அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள் புதுத் துணி, பழம் வாங்குவதற்கு முன்னால் கழிப்பறையைப் பார்த்துவிடுவது நல்லது.

நம் வீட்டு வாழ்க்கையில் பாதி தரைமட்டத்தில் நடக்கிறது. கோலம், விளக்கு, பந்தி, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது எல்லாமே கீழேதான். இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு வலியைவிடப் பெரிய இழப்பு அந்தத் தரை. மூட்டு மாற்றிய தமிழர்கள் வீடு திரும்பியதும் மனம் உடைவது பெரும்பாலும் இதனால்தான் என்று தோன்றுகிறது.

மழை நாள், படுக்கையில்

ஐப்பசி மழை பினாங்கில் விடாமல் பெய்யும். மல்லாந்துதான் படுக்க வேண்டும், கால்களுக்கு நடுவே தலையணை. தூக்கம் வராத நேரத்தில் ஆசிரியை தன் உடம்புக்குள் இருக்கும் பொருளின் கதையைப் படித்தார்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைட்டிங்டன் மருத்துவமனை. அங்கே ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1950களின் கடைசியில் டெஃப்லான் கிண்ணம் வைத்து மூட்டு மாற்றத் தொடங்கினார். நோயாளிகள் முதலில் ஆனந்தமாக நடந்தார்கள். சில ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அந்தத் துகள்களால் மூட்டைச் சுற்றியிருந்த திசுவும் எலும்பும் கெட்டன. தான் வைத்ததைத் தானே திறந்து எடுக்கும் நிலை சார்ன்லிக்கு வந்தது. அந்தப் பொருள் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார் அவர்.

1962இல் விற்பனையாளர் ஒருவர் ஒரு புது பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். லங்காஷயர் நெசவாலைகளில் தறியின் பல்சக்கரம் செய்யப் பயன்பட்ட பாலிஎதிலீன். சார்ன்லி அதில் நகத்தால் கீறிப் பார்த்து, உதவாது என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய பட்டறைக்காரர் ஹாரி கிரேவன் விடவில்லை. தேய்மான இயந்திரத்தில் அதை மாட்டி ஓட விட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே அது நோயாளியின் உடம்புக்குள் போனது. சிறிய உலோகப் பந்து, பாலிஎதிலீன் கிண்ணம். இன்றைய மூட்டுகளில் பல அந்த வழியில் வந்தவைதான், பிளாஸ்டிக் மட்டும் இன்னும் உறுதியாகியிருக்கிறது. 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை இதை நூற்றாண்டின் அறுவைச் சிகிச்சை என்றே அழைத்தது.

2019இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு, பெரிய பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்து, இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டு தாங்குகின்றன என்றது. அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு போதும். அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

கார்த்திகை பிறந்து

காலில் வீக்கம். ஆடுசதையைத் தொட்டால் வலித்தது, சூடாகவும் இருந்தது. ரத்தக் கட்டாக இருந்தால் அது நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுத்துவிடக்கூடும். நாத்தனார் எண்ணெய் தேய்த்து உருவிவிடலாம் என்றார். மகன் தடுத்து, ராத்திரியோடு ராத்திரியாக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போனான். ஸ்கேனில் கட்டு இல்லை. அறுவைக்குப் பிறகு பல வாரம் வரும் சாதாரண வீக்கம்தான். விடிந்தபோது வீடு திரும்பினார்கள். அலைச்சல் வீண் என்று மகனுக்குத் தோன்றக் கூடாது. அறுவை செய்த காலின் ஆடுசதை இப்படி வீங்கி வலித்தால் உருவிவிடாமல், காத்திருக்காமல் காட்டிவிடுவதே சரி. திடீர் மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பார்க்க வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் ஆன்டி மரேயைப் பற்றிச் சொன்னான். டென்னிஸ் வீரர். 2019 ஜனவரியில் இடுப்பில் உலோகம் வைத்துக்கொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் கோப்பை வாங்கினார். உண்மைதான். அவர் செய்துகொண்டது எலும்பின் பந்தை வெட்டி எடுக்காமல் அதன்மேல் உலோகத் தொப்பி வைக்கும் வேறு வகை அறுவை என்பதைப் பையன் சொல்லவில்லை. அவன் போனபின் ஆசிரியை வெகுநேரம் பேசாமல் இருந்தார். தன் காலுறையைத் தானே மாட்ட முடியாத ஒருவரிடம் கோப்பையைக் காட்டுவது ஆறுதல் ஆகாது.

திருக்கார்த்திகை அன்று அவரால் குனிந்து விளக்கு வைக்க முடியவில்லை. வருடாவருடம் வாசலில் அகல் வரிசை வைக்கிறவர். பேத்தி சாப்பாட்டு மேசையை வாசலுக்கு இழுத்துவந்து போட்டாள். விளக்குகள் இந்த முறை இடுப்பு உயரத்தில் எரிந்தன. எதிர்வீட்டுச் சீனக் கிழவி நின்று பார்த்துவிட்டு, இப்படித்தான் நன்றாகத் தெரிகிறது என்றார்.

கார்த்திகைக் கடைசி

ஜாலான் பர்மா வழியாக மருத்துவரிடம் போய்வந்தார். அந்தச் சாலையை ஒட்டிப் புலாவ் தீக்குஸில் 1803ஆம் ஆண்டுப் பர்மியக் கோயில் இருக்கிறது. இடுப்பு மூட்டு வரலாற்றில் பர்மாவுக்கும் ஓர் இடம் உண்டு.

மாண்டலே பொது மருத்துவமனையில் சான் பா என்ற எலும்பு மருத்துவர். 1960இல் எண்பத்து மூன்று வயதுப் பௌத்தத் துறவி மூதாட்டி ஒருவருக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. சான் பா அவருக்கு யானைத் தந்தத்தில் கடைந்த பந்தை வைத்தார். அன்றைய பர்மாவில் வெளிநாட்டு உலோக மூட்டைவிடத் தந்தம் மலிவு. பிறகு முந்நூறு பேருக்கு மேல் அப்படிச் செய்தார். 1969இல் லண்டனில் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரையும் படித்தார். யானையைக் காக்க வேண்டிய இந்தக் காலத்தில் தந்தத்தைப் பற்றி யோசிக்கவும் முடியாது. ஆனால் அவர் தன் வெற்றியை எப்படிக் கணக்கிட்டார் என்பது முக்கியம். நோயாளி நடந்தாரா, சைக்கிள் ஓட்டினாரா, பந்து விளையாடினாரா என்று பார்த்தார். குந்தி உட்கார்ந்தாரா என்றும் பார்த்தார். தரையில் வாழும் மக்களின் மருத்துவர் அவர். நம் ஊர் மருத்துவமனைத் தாளில் அந்தக் கேள்விக்கு ஒரு வரியாவது இடம் வேண்டும்.

ஆசிரியை அன்று தன் மருத்துவரிடம் அதையே கேட்டார். சம்மணம் போடலாமா? மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, சம்மணத்தில் தொடை வெளிப்பக்கம் விரிகிறது, கால்மேல் கால் போடுவது போன்ற ஆபத்து அதில் இல்லை, ஆனால் தரையில் இறங்கும்போதும் எழும்போதும் இடுப்பு அதிகமாக மடங்கும், இன்னும் சில மாதம் போகட்டும் என்றார். குந்துவதை மறந்துவிடச் சொன்னார். எல்லா மருத்துவரும் ஒரே பதில் சொல்வதில்லை. கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

மார்கழி, காலை

வாக்கர் போய்க் கைத்தடி வந்துவிட்டது. தடி இடது கையில். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் திருத்தினார்கள்: "வலிக்கிற பக்கம்தானே டீச்சர் பிடிக்கணும்?" இல்லை. வலது காலில் மட்டும் நிற்கும்போது இடுப்பெலும்பு இடது பக்கமாகச் சரியப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்த வலது இடுப்பின் பக்கத் தசை இழுக்கிறது. அந்த இழுவைதான் மூட்டின்மேல் உடல் எடையைப்போல் பல மடங்கு பாரத்தை ஏற்றுகிறது. இடது கையில் ஊன்றிய தடி அந்தச் சரிவைத் தாங்கிக்கொண்டால் தசைக்கும் மூட்டுக்கும் ஓய்வு. கைத்தடியை வீசிவிடாதீர்கள் என்று அமெரிக்க மருத்துவர் வால்ட்டர் பிளவுண்ட் 1956இலேயே ஒரு கட்டுரை எழுதினார்.

லிட்டில் இந்தியாவரை போய்வர ஆசை. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில், அப்படியே மார்க்கெட் ஸ்திரீட்டில் மல்லிகைச் சரம். தடியில்லாமல் போகிறவருக்கு அது கொஞ்ச தூரம். கைத்தடியோடு போகிறவருக்கு அஞ்சடி ஒவ்வொன்றும் ஒரு சோதனை. கடை முகப்பில் கூரைக்கடியில் ஓடும் இந்த அஞ்சடி நடைபாதை, ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்திலிருந்து நீரிணை நகரங்களுக்குப் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, தொடர்ச்சியாக நடப்பதற்கான வழி. இன்று தொடர்ச்சிதான் இல்லை. ஒரு கடையின் தளம் ஒரு சாண் உயரம், அடுத்தது தாழ்வு. நடுவில் மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை, துணி மாட்டிய கம்பி. வழி அடைத்தால் சாலையில் இறங்க வேண்டும், இறங்கும் இடத்தில் சாக்கடை. மழையில் நனைந்த பழைய பூவோட்டுத் தரை சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். அன்று மாரியம்மன் கோயிலுக்குப் போகாமலே பாதியில் திரும்பினார். கிராப் வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவர் அக்கறையாக இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, ஆசிரியை முதலில் உட்கார்ந்து பிறகு காலைத் தூக்கி உள்ளே வைக்கும்வரை காத்திருந்தார்.

ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுவர்ச் சித்திரம் பார்க்க வருகிறவர்களுக்கு அது பெருமை. இந்த ஊரில் முதுமையடைகிறவர்களுக்கும் இது அவர்களுடைய ஊர்தான். இரண்டு தளங்களுக்கு நடுவே ஒரு சாய்தளம் போட்டால் பாரம்பரியம் குலையாது. அஞ்சடியை அடைத்து நிற்கும் வண்டியை எடுக்கச் சொன்னால் யார் பிழைப்பும் கெடாது.

தைப்பூசம்

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. வருடாவருடம் வெறுங்காலோடு ஏறியவர். இந்த வருடம் இல்லை என்று மருத்துவர் சொல்வதற்கு முன்பே அவரே முடிவெடுத்துவிட்டார். டத்தோ கெராமாட் சாலையோரம் உயரமான நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தேர் வரும் வழியில் தமிழரும் சீனரும் தேங்காய் மலையாகக் குவித்து உடைக்கிறார்கள். சாலை முழுவதும் தேங்காய்த் தண்ணீர் ஓடும். அதில் நடப்பது நல்ல காலோடு இருப்பவருக்கே ஆபத்து. தேர் நின்றபோது எல்லாரும் கிட்டே ஓடினார்கள். அவர் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்று கும்பிட்டார். கண்ணீர் வந்தது. மலை ஏறாத வருத்தம் அதில் இருந்தது, அவர் மறைக்கவில்லை.

தை, கடைசி வாரம்

மூட்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டியது. வலது கால் நீளமாகிவிட்டதுபோல் முதலில் இருந்த உணர்வும் ஏறக்குறையப் போய்விட்டது. தசை தளரத் தளரப் பலருக்கும் அது குறையும். காலுறையைக் குச்சிக் கொக்கியின் துணையோடு தானே மாட்டுகிறார்.

அடுத்த தெருத் தோழி ஒருவருக்குப் பங்குனியில் இதே அறுவை. வாக்கரைக் கேட்டு வந்தார். ஆசிரியை வாக்கரைக் கொடுத்ததோடு அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனார். முழங்காலின் பின்மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முதலில் அளந்தார். பிறகு நாற்காலி, கட்டில், கழிப்பறை, பூஜையறை என்று ஒவ்வோர் இருக்கையையும் அளந்து, அந்த அளவுக்குக் குறைந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.