கணனி ஊர்ந்து போகிறதா?

"மௌலவி, வீட்டுக் கணனி ஆமை மாதிரி ஊர்கிறது. டிஃப்ராக் பண்ணினால் சரியாகுமா?" என்று என்னிடம் ஓதும் பிள்ளைகளின் உம்மாமார் கேட்பதுண்டு. எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

உங்கள் சமையல் கொப்பியை எடுத்துப் பாருங்கள். வட்டிலப்பக் குறிப்பு 5ஆம் பக்கத்தில் தொடங்கும். அங்கே இடம் போதாமல் மிச்சம் 30ஆம் பக்கத்தில். அதுவும் போதாமல் கடைசி அட்டையில் நாலு வரி. முட்டை அடித்த கையோடு பக்கம் புரட்டுவது எவ்வளவு தொல்லை! ஹார்ட் டிஸ்கிலும் இதுதான் நடக்கிறது. அழித்த கோப்புகள் விட்டுப்போன இடைவெளிகளில் புதிய கோப்பு துண்டு துண்டாக எழுதப்படுகிறது. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும் தட்டின் மேல், வாசிக்கும் முனை அங்குமிங்கும் ஓடித்தான் அவற்றைப் பொறுக்க வேண்டும். துண்டுகளைச் சேர்த்து ஒழுங்காக அடுக்குவதே டிஃப்ராக். 1993இல் வந்த எம்.எஸ். டொஸ் 6இலேயே இந்த வசதி இருந்தது. நான் ஓதிய காலத்தில் விண்டோஸ் 98இல் சின்னச் சின்ன வர்ணக் கட்டங்கள் நகர்வதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்போம். அதுவும் ஒரு பொழுதுபோக்கு!

இப்போது வரும் கணனிகள் பலவற்றில் இருப்பது எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் தட்டுமில்லை, ஓடும் முனையுமில்லை. துண்டுகள் எங்கே கிடந்தாலும் எடுக்க ஏறக்குறைய ஒரே நேரம்தான். அதன் நினைவு அறைகளில் எழுதி அழிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வேறு மென்பொருளைப் போட்டு அடிக்கடி டிஃப்ராக் செய்தால் வீணாகத் தேய்மானமே மிச்சம்.

ஆகவே முதலில் வகையைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11இல் தேடும் இடத்தில் டிஃப்ராக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் 'ஒப்டிமைஸ் டிரைவ்ஸ்' வரும். ஹார்ட் டிஸ்க்கா, சொலிட் ஸ்டேட்டா என்று அதிலேயே எழுதியிருக்கும். நாம் மாற்றி வைக்காவிட்டால் வாரம் ஒருமுறை அதுவே தன் வேலையைச் செய்துகொள்ளும். இதற்கென்று கடையில் காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், கோப்புகள் திறக்காமல் அடம்பிடித்தால், டிஃப்ராக் பக்கமே போகாதீர்கள். பழுதாகிக்கொண்டிருக்கும் தட்டை மணிக்கணக்காக ஓட விட்டால், அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். மகளின் கலியாணப் படங்களும் மௌத்தான உம்மாவின் குரலும் அதற்குள்தான் இருக்கும். அவற்றை உடனே வேறொரு தட்டில் பிரதி எடுங்கள். பிறகு பழைய தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், எந்த டிஃப்ராக்கும் தராத வேகம் அதில் கிடைக்கும்.