காரின் கண்ணாடியும் சாலையின் உரிமையும்



அல்லாஹ்வின் கிருபையால் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று சொந்தமாகக் கார் இருக்கிறது. வளைகுடாவில் உழைக்கும் மகனோ, கடை வைத்திருக்கும் மருமகனோ வாங்கித் தந்த வண்டி வாசலுக்கு வந்ததும், மதரஸாவில் பாடம் முடிந்த பிறகு பிள்ளைகளின் தாய்மார்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. "ஆலிமா, கண்ணாடிக்குக் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டா பர்தாவுக்கு நல்லதுதானே? போலீஸ் பிடிக்கிறாங்கன்னு சொல்றாங்களே, அது கூடுமா, கூடாதா?"

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. நாட்டின் சட்டம் என்ன என்பது ஒன்று. மார்க்கம் நம்மிடம் கேட்கும் மறைவு எது என்பது மற்றொன்று. மூன்றாவதை எவரும் கேட்பதில்லை. அந்தக் கண்ணாடிக்கு வெளியே சாலையில் நடப்பவருக்கு நம்மீது என்ன உரிமை இருக்கிறது என்பதே அது. மூன்றையும் முறையாகப் பிரித்து எழுத வேண்டும் என்று வெகுநாட்களாக எண்ணியிருந்தேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி இதைப் பற்றியது. முன்புறக் கண்ணாடியும் பின்புறக் கண்ணாடியும் தம்மீது விழும் ஒளியில் குறைந்தது 70 சதவீதத்தை உள்ளே விட வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதத்தை விட வேண்டும். இந்த விதி நெடுங்காலமாக ஏட்டில் இருந்தும், கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள் நாடெங்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கொல்கத்தாவைச் சேர்ந்த அவிஷேக் கோயங்கா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான அமர்வு 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. எத்தனை சதவீத ஒளியை விடும் படலமானாலும் சரி, வேறு எந்தப் பொருளானாலும் சரி, கண்ணாடியின்மீது ஒட்டக் கூடாது என்று அத்தீர்ப்பு கூறியது. அவ்வாண்டு மே 4 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. உயர்பாதுகாப்புப் பிரிவில் உள்ளவர்களுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. படலம் தயாரிப்போரும் விற்போரும் தீர்ப்பைத் தளர்த்தக் கோரியபோது, ஆகஸ்ட் மாதத்தில் நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

அதன் பிறகு 2020ஆம் ஆண்டில் 100ஆவது விதி திருத்தப்பட்டது. உட்புறத்தில் பிளாஸ்டிக் அடுக்கு கொண்ட பாதுகாப்புக் கண்ணாடியையும் விதி ஏற்றுக்கொண்டது. அத்திருத்தம் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை அடிப்படையாகக் கொண்டு கேரள உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஒரு தீர்ப்பு வழங்கியது. நிர்ணயிக்கப்பட்ட ஒளியளவுக்கு உட்பட்டு அத்தகைய படலம் இருந்தால் அதற்காக அபராதம் விதிக்க முடியாது என்பது அதன் சாரம். அச்செய்தி வந்த நாள் முதல், "இப்ப எல்லாம் ஒட்டலாம்" என்று சொல்லும் கடைக்காரர்களைப் பார்க்கிறோம். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. 70, 50 என்னும் அந்த இரண்டு எண்களை எந்தத் திருத்தமும் எந்தத் தீர்ப்பும் அகற்றவில்லை. உள்ளிருப்பவர் தெரியாத அளவுக்கு இருண்ட கண்ணாடி அன்றும் சட்டவிரோதம், இன்றும் சட்டவிரோதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆவது பிரிவின்படி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் முறை 500 ரூபாயும் மீண்டும் செய்தால் 1500 ரூபாயும் வரை அபராதம் உண்டு.

இங்கே ஒரு சிறு கணக்கையும் அறிந்துகொள்வது நல்லது. "இது 50 சதவீத ஃபிலிம்தான், சட்டப்படி சரி" என்று கடையில் சொல்வார்கள். காருடன் வரும் கண்ணாடியே முழு ஒளியையும் விடுவதில்லை. லேசான பச்சைச் சாயல் கொண்ட பக்கக் கண்ணாடி 70 சதவீத ஒளியை விடுவதாக வைத்துக்கொள்வோம். அதன்மீது 50 சதவீதப் படலத்தை ஒட்டினால், 70இல் பாதியாகிய 35 சதவீதமே உள்ளே வரும். என் மூத்த மாணவிகளிடம் இக்கணக்கைக் கொடுத்தபோது நொடியில் விடை சொன்னார்கள். வாங்குகிறவர்தாம் கேட்பதில்லை; விற்கிறவரும் சொல்வதில்லை.

சட்டம் ஏன் இந்த எண்களில் இத்தனை கண்டிப்பாக இருக்கிறது என்பது, நாற்பது வயதுக்கு மேல் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது நன்றாக விளங்கியது. வண்டி ஓட்டுபவர் முன்புறக் கண்ணாடி வழியாக மட்டும் சாலையைப் பார்ப்பதில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வரும் சைக்கிளையும், வெளிக்கண்ணாடியில் தெரியும் இருசக்கர வாகனத்தையும், ஓரத்தில் நிற்கும் குழந்தையையும் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகவே பார்க்கிறார். பகல் வெயிலில் ஒளி ஏராளமாக இருப்பதால் பாதி குறைந்தாலும் தெரியவில்லை. மஃரிப் நேரத்திலோ இருக்கும் ஒளியே கொஞ்சம். அதிலும் மூன்றில் இரண்டு பங்கை நாமே தடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன?

சாலையில் நிற்பவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சாலையைக் கடக்கும் எவரும் வண்டியைப் பார்ப்பதோடு ஓட்டுநரின் முகத்தையும் பார்க்கிறார். "இவர் என்னைக் கவனித்துவிட்டாரா?" என்பதற்கான விடை அந்த முகத்தில்தான் இருக்கிறது. ஒரு தலையசைப்போ, கைச்சைகையோ போதும். ஒரு முதியவர் அச்சமின்றி மறுபக்கம் சேர்ந்துவிடுவார். கருங்கண்ணாடி அந்தச் சிறு பேச்சை முற்றிலுமாக நிறுத்திவிடுகிறது.

இதை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. எங்கள் மக்தப் சாலையோரத்தில் இருக்கிறது. அஸருக்குப் பின் தொடங்கி, மஃரிபுக்குச் சற்று முன் பிள்ளைகளை அனுப்புவோம். சென்ற ஆண்டு ஒரு மாலையில் எங்கள் மாணவி ஒருத்தி, எட்டு வயதுச் சிறுமி, சாலையைக் கடக்கக் காத்திருந்தாள். அருகே ஒரு கார் வந்து நின்றது. தனக்காக நின்றதாக நினைத்து அவள் காலெடுத்து வைத்தாள். அவர்கள் நின்றதோ வேறு யாரிடமோ வழி கேட்பதற்காக. வண்டி நகர்ந்தது. சிறுமி விழுந்து கை எலும்பு முறிந்தது. அதற்கு மேல் எதுவும் நேராமல் அல்லாஹ் காப்பாற்றினான்.

அந்தக் காரில் வந்தவர்கள் நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தார். பதறிப்போய் அவர்களே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். செலவு முழுவதையும் ஏற்றார்கள். நானும் உடன் சென்றிருந்தேன். வண்டியை ஓட்டிய இளைஞர் தலைகுனிந்து, "உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் பர்தாவா இருக்கட்டும்னுதான் ஒட்டினோம். மக்ரிபு நேரத்துல பக்கத்துல ஒண்ணும் தெரியல" என்றார். சிறுமியின் தாய் அவரைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இவ நிக்கிறது உங்களுக்குத் தெரியல. நீங்க பார்க்கலைங்கறது இவளுக்கும் தெரியல" என்று மட்டும் சொன்னார். இந்தச் சட்டத்துக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

நல்ல எண்ணத்தில் செய்ததுதானே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். எண்ணத்தின் கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆயினும் எண்ணமின்றி விளைந்த சேதத்துக்கும் பொறுப்புண்டு என்பதே மார்க்கச் சட்டம். தவறுதலாக ஓர் உயிர் போனாலும் அதற்கு இழப்பீடும் பரிகாரமும் உண்டு என்று அன்னிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. ஒரு நன்மையைத் தேடுவதைவிட ஒரு தீங்கைத் தடுப்பது முற்படும் என்பது ஃபிக்ஹு மாணவர் எவரும் தொடக்கத்திலேயே கற்கும் விதி.

அப்படியென்றால் நம் முன்னோர் வண்டிக்குத் திரை போட்டார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூண்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் திரைகட்டிப் பயணம் செய்த கதைகளை என் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வண்டிகளின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். திரைக்கு உள்ளே பெண்கள் இருந்தார்கள். வண்டியோட்டி திரைக்கு வெளியே இருந்தார். அவர் கண்ணுக்கும் சாலைக்கும் நடுவே எதுவும் இல்லை. எதிரே வருபவரும் அவர் முகத்தைப் பார்த்தார். இன்றைய கருங்கண்ணாடியோ ஓட்டுபவரையும் சேர்த்துத் திரைக்குள் வைத்துவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

காயல்பட்டினத்தின் முடுக்குகளையும் இங்கே நினைவுகூரலாம். பெரிய தெருவுக்கு வராமல் பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவர, வீடுகளுக்கிடையே குறுகிய வழிகளை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பெண்களின் மறைவுக்காகத் தம் மனையில் இடம் கொடுத்தார்களே தவிர, பொதுவழியில் செல்பவருக்கு அவர்கள் எந்த இடையூறும் வைக்கவில்லை.

பொதுவழியின் உரிமை என்பது நம் மார்க்கத்தில் புதிய பேச்சன்று. தெருக்களில் அமர்வதைத் தவிர்க்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தோழர்கள் தமக்கு வேறிடம் இல்லை என்று கூறியபோது, அவ்வாறாயின் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தீங்கு தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவையே அந்த உரிமைகள் என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற செய்தி இது. இருண்ட கண்ணாடிக்குள் இருப்பவர் தீங்கு தராமல் இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை. வழியில் ஒருவர் சொல்லும் ஸலாம் அவர் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

பார்வையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிக்னலில் வண்டி நிற்கும்போது அருகில் நிற்பவர் உற்றுப் பார்ப்பது எத்தனை சங்கடம் என்பதை வாழ்நாள் முழுவதும் பர்தா அணிந்துவரும் நான் அறிவேன். அந்நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனத்தில் வருகிறது. அந்த வரிசையை நம் மகன்களுக்குக் கற்பிப்பது நம் கையில் இருக்கிறது. நம் ஆடை நம்மோடு இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கினாலும் அது உடன் வரும்.

இருட்டு எப்போதும் பெண்ணுக்குக் காவலாக இருக்கும் என்று எண்ணுவதும் சரியன்று. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை, கருங்கண்ணாடியும் திரைச்சீலையும் கொண்ட தனியார் பேருந்துக்குள் நேர்ந்தது. அந்த வண்டி ஓடியது தலைநகரின் பொதுச் சாலைகளில்தான். கருப்புப் படலத்துக்கு உச்ச நீதிமன்றம் தடைவிதித்து ஏழு மாதங்கள் கடந்த பின்பு நடந்தது அது. நம் மகள் ஏறும் வாடகை வண்டியின் கண்ணாடி வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று விரும்பும் நாம், நம் வண்டிக்கு மட்டும் வேறு நீதி கேட்க முடியாது.

சட்டத்தை மதிப்பது காவலருக்கு அஞ்சிச் செய்யும் காரியமாக இருக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் உரிமம் பெறும்போது விதிகளுக்குக் கட்டுப்படுவதாக நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஏவியே அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. மக்களின் நலனுக்காக ஏற்பட்ட, மார்க்கத்துக்கு முரணாகாத விதியைப் பேணுவது அந்தக் கடமைக்குள் அடங்கும்.

இனி வீட்டில் செய்யக்கூடியவை. வெயிலுக்காகத்தான் படலம் என்பவர்கள், வண்டி நிற்கும்போது முன்கண்ணாடிக்கு வெயில் தடுப்பை வைக்கலாம். புறப்படும் முன் கதவுகளை ஒரு நிமிடம் திறந்துவைத்தால் அனல் வெளியேறிவிடும். வெப்பத்தில் கணிசமான பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களால் வருவதால், கண்ணாடி கருப்பாக இருந்தால்தான் குளிர்ச்சி என்பதும் இல்லை. கைக்குழந்தைக்குப் பாலூட்ட வேண்டிய தாய்க்குப் பெரிய துப்பட்டாவோ, அதற்கெனத் தைத்த மேலுறையோ போதும். வண்டியை ஓரமாக நிறுத்திக் கொடுக்க வீட்டு ஆண்கள் பொறுமை காட்டட்டும். பழைய வண்டி வாங்குபவர்கள், முன்பே ஒட்டப்பட்ட ஸ்டிக்கரை அகற்றிய பிறகே சாலைக்குக் கொண்டுவரட்டும். முந்தைய உரிமையாளர் ஒட்டியது என்ற பதில் அபராதச் சீட்டைத் தடுக்காது, விபத்தையும் தடுக்காது.

ஆகவே, என்னிடம் கேட்ட தாய்மார்களுக்கு நான் சொல்லும் பதில் இதுவே. உங்கள் ஹயா உங்களுக்கு அல்லாஹ் தந்த அமானத். அதை ஆடையாலும் பண்பாலும் காத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் காத்து நிற்கும் குழந்தையும் உங்களிடம் ஓர் அமானத்தான். அவளைக் காக்க உங்கள் வண்டியை ஓட்டுபவருக்கு வெளிச்சம் வேண்டும்.

நம் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. நம்மால் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக. ஆமீன்.