டேப்பட் ஓசை

கூத்தாநல்லூரில் எங்கள் தெருமுனையில் அத்தாவின் புல்லட் திரும்பும் ஓசை கேட்டதுமே, அம்மா அடுப்படியில் தட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். 1978இல் வாங்கிய வண்டி அது. ஒற்றைச் சிலிண்டர்; 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஓட்டம், 346 சி.சி. அந்த நீண்ட ஓட்டத்தினாலேயே அதன் ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியே எண்ணத்தக்கதாய் ஒலிக்கும்.

துடிப்பினூடே ‘டிக் டிக்’ என்று ஒரு சிற்றொலியும் உண்டு. டேப்பட் ஓசை அது. 1984ஆம் ஆண்டுக் கல்லூரி விடுமுறையில் அவ்வொலி என் காதை உறுத்திற்று. பொறியியல் படிக்கிறோம் என்ற மிதப்பு வேறு. அத்தா உறங்கிய ஒரு பிற்பகலில், எஞ்சினின் பக்க மூடியைத் திறந்து, திருகுகளை இறுக்கி, ஓசையே எழாதபடி செய்துவிட்டேன். “என்னவோ அமைதியாகிவிட்டதே!” என்றார்கள் அத்தா. நான் வாய் திறக்கவில்லை.

ஒரு மாதத்திற்குள் வண்டி தளர்ந்தது. காலை எதிர்த்து நிற்க வேண்டிய கிக்கர், மிதித்தவுடன் துவண்டு இறங்கிற்று. சைலன்சரில் அவ்வப்போது வெடிச்சத்தம். நெல் வியாபார நிமித்தம் வெளியூர் சென்ற அத்தா, ஒரு மழையிரவில் அதை இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று நான் தீர்ப்பளித்தேன். அவர்கள் மறுபேச்சின்றிப் பணம் கொடுத்தார்கள். புது ரிங் போட்டேன். சிலிண்டர் ஹெட்டில் படிந்திருந்த கரியைச் சுரண்டிப் பளபளப்பாக்கினேன். வால்வுகளைக் கழற்றிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. வண்டி முன்போலவே முனகிற்று.

பிறகுதான் திருவாரூருக்கு லாரியில் ஏற்றிச் சென்றோம். அந்த முதிய மேஸ்திரி ஸ்பானரை உடனே தொடவில்லை. டிகம்ப்ரஷர் கேபிள் இழுபட்டு நிற்கிறதா என்று முதலில் பார்த்தார், சரியாகவே இருந்தது. பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு கரண்டி ஆயில் விட்டுக் கிக்கரை மிதித்தார். ரிங் பழுதானால் ஆயில் இடைவெளியை அடைத்துச் சற்று நேரம் கம்ப்ரஷன் ஏறும். ஏறவில்லை. சைலன்சர் வாயில் காதை வைத்து, மெல்ல மிதிக்கச் சொன்னார். ‘உஸ்’ என்று காற்று கசிந்தது. கார்புரேட்டர் பக்கம் கசிந்திருந்தால் இன்டேக் வால்வு; இதுவோ எக்ஸாஸ்ட் வால்வு.

ஹெட்டைக் கழற்றி, புகை போகும் வழியில் மண்ணெண்ணெய் ஊற்றினார். மூடியிருக்க வேண்டிய வால்வின் விளிம்பில் அது உடனே துளிர்த்தது. வால்வை வெளியே எடுத்தபோது, ஓரத்தில் அரிசி மணியளவு எரிந்த பள்ளம்! வால்வு தன் இருக்கையில் முழுமையாகப் பதிந்தால்தான் தன் சூட்டை ஹெட்டுக்குள் இறக்க முடியும். சூட்டில் அதன் தண்டு நீளும். நீள இடமில்லாமல் நான் இறுக்கியிருந்தேன். மயிரிழை திறந்தே நின்று, நெருப்பில் வெந்திருக்கிறது.

எரிந்த வால்வைத் தேய்த்துப் பயனில்லை. புதியதைப் பொருத்தி, பேஸ்ட் தடவி, இருபுறமும் சுழற்றித் தேய்த்தார். இருக்கையைச் சுற்றி அறுபடாத சாம்பல் நிற வளையம் விழும்வரை தேய்த்தார். பேஸ்ட்டின் ஒரு துணுக்குக்கூட உள்ளே தங்கலாகாது என்று மும்முறை கழுவினார். பூட்டியபின், ஆறிய எஞ்சினில் பிஸ்டனை மேலே நிறுத்தி, புஷ் ராடை என் விரல்களால் உருட்டச் சொன்னார். மேலும் கீழும் ஆடாமல், தடையின்றி உருண்டது.

“டேப்பட்டை இப்படி முறுக்கியது யார், பாய்?”

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அத்தா என் பக்கம் திரும்பாமலே, “நான்தான்” என்றார்கள்.

திரும்பும்போது நான் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தேன். வழி நெடுகிலும் அந்த ‘டிக் டிக்’ கேட்டுக்கொண்டே வந்தது. வாசலில் வண்டியை நிறுத்துகையில், உள்ளே அம்மா இரண்டு தட்டுகளை எடுத்து வைத்திருந்தார்கள்.