ரேஸ்கோர்ஸ் டு மருதமலை: உங்க வாட்ச் சொல்ற கலோரி உண்மையா?

விடிவதற்கு முன்பே கோவை ரேஸ்கோர்ஸ் விழித்துக்கொள்கிறது. ஒருகாலத்தில் குதிரைகள் ஓடிய இடம். இன்று சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் தாத்தா, பாட்டி முதல் காலேஜ் மாணவர்கள் வரை நடக்கிறார்கள். பாதிப்பேர் கையில் ஸ்மார்ட்வாட்ச். சுற்று முடிந்ததும் எழும் முதல் கேள்வி, "ஏனுங்க, உங்களுக்கு எவ்ளோ காட்டுது?"

ஒன்றாகவே நடந்த கணவனுக்கு 210, மனைவிக்கு 95 என்று காட்டினாலும் ஆச்சர்யப்பட வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு கலோரியைச் செலவழிக்கும். ஃபிட்பிட் அதையும் சேர்த்தே மொத்தக் கணக்கு காட்டும். ஆப்பிள் வாட்ச்சின் 'மூவ்' வளையம் அசைவுக்கான கலோரியை மட்டும் எடுத்துக்கொள்ளும். எடை, வயது, உயரம் மாறினாலும் கணக்கு மாறும். இதில் ஒரு வேடிக்கை, மகன் ஆசையாகக் கொடுத்த பழைய வாட்ச்சில் பெரும்பாலும் மகனின் வயதும் எடையுமே பதிவாகியிருக்கும். அப்பா நடப்பார், வாட்ச் மகனுக்குக் கணக்கு எழுதும்!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் இதைச் சோதித்தது. 60 பேர், 7 வகைக் கருவிகள். நடக்க, ஓட, சைக்கிள் மிதிக்கவைத்து, மூச்சுக்காற்றை அளந்து உண்மையான கலோரியோடு ஒப்பிட்டார்கள். இதயத்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவிகிதத்துக்கும் குறைவு. கலோரியிலோ, இருப்பதில் சிறந்த கருவியே 27 சதவிகிதம் தவறியது. மோசமானது 93 சதவிகிதம்! அந்த மாடல்கள் இப்போது பழசுதான். ஆனால், துடிப்பையும் கை அசைவையும் வைத்து ஊகிக்கும் முறை மாறவில்லை.

70 கிலோ எடை உள்ளவர் ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று சாதாரணமாக நடந்தால், தோராயமாக 100 முதல் 130 கலோரி செலவாகும். வாட்ச் 210 காட்டிய தெம்பில் ஒரு நெய் ரோஸ்ட் சொன்னால், நடந்த கணக்கு அங்கேயே காலி. எடை குறையவில்லையே என்று புலம்புகிற பலரின் கதை இதுதான். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த எண்ணை நம்பி உணவையோ மருந்தையோ கூட்டிக் குறைப்பது ஆபத்து. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நகரின் மேற்கே மருதமலைக்குப் போனால் வாட்ச் இன்னும் திணறும். அடிவாரத்தில் தான்தோன்றி விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் படியேறுபவர்கள், நடுவில் இடும்பன் சன்னதியில் மூச்சு வாங்க நிற்பார்கள். அதே 70 கிலோ ஆள் 100 மீட்டர் உயரம் ஏற, உடம்பைத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 65 கலோரி வேண்டும். உயரத்தை அளக்கும் பாரோமீட்டர் இல்லாத மலிவு பேண்டுக்குப் படியும் சமதரையும் ஒன்றுதான். குழந்தையை இடுப்பில் சுமந்து ஏறும் அம்மாவின் கூடுதல் பாரமும் அதற்குத் தெரியாது. கை வீசாததால் காலடியைக்கூடக் குறைத்தே எண்ணலாம்.

அப்படியானால் வாட்ச்சைக் கழற்றிவிடலாமா? வேண்டாம். ப்ரொஃபைலில் உங்கள் எடையைச் சரியாகப் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாட்ச்சோடு ஒப்பிடாமல், போன வாரம் இதே பாதையில் உங்கள் வாட்ச் காட்டியதோடு ஒப்பிடுங்கள். அதே வேகத்தில் நடந்தும் இதயத்துடிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தால், உடம்பு தேறிவருகிறது என்று அர்த்தம்.