வயித்தால போகும்போது குடல்ல மூடாத கதவு

1/ ரெண்டு வருஷம் முன்னாடி, காரைக்குடியில ஒரு நைட் டியூட்டி. ஒன்றரை வயசுப் பேரனைத் தூக்கிட்டு ஒரு ஆச்சி வந்தாங்க. காலையில இருந்து பத்து தடவைக்கு மேல வயித்தால போயிருக்கு. கண்ணு உள்ள போயிருச்சு, நாக்கு காஞ்சிருக்கு. ஆனா தண்ணியைக் காட்டினா ஆவலாக் குடிக்கிறான்.

2/ "என்ன ஆச்சி குடுத்தீங்க?"

"கடையில வாங்குன ஓஆர்எஸ்தான் தம்பி. மூணு டப்பா. குடிக்கக் குடிக்கக் கூடத்தான் போகுது. ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க."

காலி டப்பாவைக் காட்டினாங்க. முன்னால பழம் படம், பேர்ல 'ஓஆர்எஸ்'. பின்னால பொடி எழுத்துல 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை.

நிஜ ஓஆர்எஸ்ல ஒரு லிட்டருக்கே 13.5 கிராம் குளுக்கோஸ்தான்!

3/ அதனால என்ன? சிறுகுடலுக்குள்ள போய்ப் பாப்போம்.

நாம குடிக்கிறது, எச்சில், பித்தநீர் எல்லாம் சேர்ந்து தினமும் சுமார் 9 லிட்டர் தண்ணி பெரியவங்க குடலுக்குள்ள வருது. மலத்துல வெளிய போறது 100-200 மில்லிதான். மீதியை எல்லாம் குடல் திரும்ப இழுத்துக்குது.

4/ ஆனா தண்ணியை மட்டும் தனியா இழுக்கக் குடலுக்குத் தெரியாது. உப்பு எங்க போகுதோ அங்க தண்ணி பின்னாலயே போகும்.

குடல் செல்லோட சுவர்ல எஸ்ஜிஎல்டி1-னு ஒரு கதவு இருக்கு. ரெண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ், ஜோடியா வந்தாத்தான் உள்ள விடும். ராபர்ட் கிரேன் 1960-ல கண்டுபிடிச்சுச் சொன்ன விஷயம் இது.

5/ புரதம் செரிச்சு வர்ற அமினோ அமிலங்கள்ல பலதும் இப்படித்தான், சோடியத்தைக் கூட்டிக்கிட்டு அவங்கவங்க கதவு வழியா உள்ள போகும். பழச்சர்க்கரை ஃப்ரக்டோஸுக்குத் தனிக் கதவு, அதுக்கு சோடியம் வேண்டாம். அதனால ஃப்ரக்டோஸ் உப்பைக் கூட்டிக்கிட்டுப் போகாது.

6/ இப்பத்தான் முக்கியமான விஷயம். காலராவுல குடல் உப்பையும் தண்ணியையும் வெளிய கொட்டும். உப்பு உள்ள போற மத்த முக்கிய வழி அடைபடும். ஆனா இந்த மாதிரி ஜோடிக் கதவுகள் அப்பவும் வேலை செய்யும்!

7/ இதை உலகத்துக்கே நிரூபிச்சது நம்ம நாட்டுல.

1971, வங்கதேசப் போர். மேற்கு வங்காளம் பங்கான் அகதி முகாம்ல காலரா. ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்து போச்சு. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணியைக் குடும்பத்தார் கையிலயே குடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். 30% வரை இருந்த இறப்பு 4%-க்குக் கீழ வந்துச்சு.

8/ அப்ப அந்த டப்பா ஏன் கெடுத்துச்சு? உப்பு குறைவு, சர்க்கரை மிக அதிகம். கதவுல போக முடியாத சர்க்கரை குடல்லயே தங்கி, உடம்புல இருக்குற தண்ணியையும் குடலுக்குள்ள இழுக்கும். பேதி கூடும். ஆச்சி பார்த்தது சரிதான்.

9/ பையன் எடை 9 கிலோ. 4 மணி நேரத்துல 675 மில்லி, நிஜ ஓஆர்எஸ். ஆச்சியே ஸ்பூன் ஸ்பூனா ஊட்டினாங்க. நடுவுல ஒருக்கா வாந்தி. பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஆரம்பிச்சோம். விடியறப்ப ஆச்சி சேலை நனைஞ்சிருச்சு. "ஒண்ணுக்குப் போயிட்டான் தம்பி!" அன்னைக்கு வார்டுல அதைவிட நல்ல செய்தி கிடையாது.

10/ ஃபார்முலாப்படி இல்லாத பானத்துக்கு 'ஓஆர்எஸ்'ங்கிற பேர் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபர்ல உத்தரவு போட்டுச்சு. ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்காப் போராடினதோட பலன்.

11/ நீங்க செய்ய வேண்டியது:

• பாக்கெட்ல உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு இருக்கான்னு பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்.
• ஒரு லிட்டர் பாக்கெட்டுன்னா முழுசா ஒரு லிட்டர்ல கலக்குங்க. பாதிப் பாதியா வேண்டாம். சம்பை ஊத்துத் தண்ணியே ஆனாலும் கொதிக்க வச்சு ஆத்துங்க. 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க.
• 2 வயசுக்குள்ளன்னா ஒவ்வொரு தடவை போனதும் 50-100 மில்லி.
• தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது.
• குழந்தை துவண்டா, குடிக்க முடியலைன்னா, ஒண்ணுக்கே போகலைன்னா, மலத்துல ரத்தம் வந்தா உடனே ஆஸ்பத்திரி.

12/ "வெறும் உப்புத் தண்ணிதானே"ன்னு நினைக்காதீங்க. ரெண்டு பாக்கெட் வாங்கி இன்னைக்கே அஞ்சறைப் பெட்டி பக்கத்துல வச்சிருங்க. ராத்திரி ஒரு மணிக்குக் கடை திறந்திருக்காது.